லீற்றருக்குப் பன்னிரண்டு

"பதின்மூண்டு புள்ளி எட்டு!"

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்த கையோடு கலீலுர் றஹ்மான் ஜீப்பின் கதவைத் திறந்து, சாவியைத் திருப்பி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் வெளிச்சம் விழுந்த சின்னத் திரையைப் பார்த்து இதைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஏழு நாட்களாக யாரும் கேட்காமலேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குசினி யன்னலால் உம்மு குல்சும் எட்டிப் பார்த்தாள்.

"நேத்தும் அதைத்தானே சொன்னது?"

"ஓம். நேத்தும் லீற்றருக்குப் பதின்மூண்டு புள்ளி எட்டுக் கிலோமீற்றர். இண்டைக்கும் அதுதான். சொல்லு மாறாத வண்டி."

"நேத்தையில இருந்து அது ஓடவேயில்லையே! ஓடாத வண்டி என்னத்தை மாத்திச் சொல்லும்?"

அவர் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்துகிற சத்தத்துக்கே நாலு வீடு தள்ளிக் கோழி எழும்பும். அவ்வளவு பெரிய வண்டி.

போன கிழமை நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துறைமுகத்தில் இழுவைப் படகின் என்ஜினோடு முப்பத்திரண்டு வருடம் கிடந்து ஓய்வுபெற்ற மனுசன், முன்பல் இரண்டு கட்டிக்கொண்டு வருகிறேன் என்று கொழும்புக்குப் போனார். பல்லு வரவில்லை. ஏழு பேர் இருக்கக்கூடிய கறுப்பு டீசல் ஜீப் ஒன்று வந்தது. வீட்டிலோ மூன்றே பேர். அவர், உம்மு குல்சும், கணக்கு ரீச்சராயிருக்கிற மகள் பஹ்மியா. மருமகன் கத்தாரில்.

அன்றைக்கே உம்மு குல்சுமின் சின்ன நீலக் கார் கராஜை விட்டு வெளியேறியது. வேலியோரத்து முருங்கைக்குக் கீழே நிற்கிறது. மயிர்க்கொட்டிப் புழு ஒவ்வொன்றாக அதன் கூரையில் விழுகிறது.

"மூண்டு பேருக்கு ரெண்டு வாகனம் என்னத்துக்கு? சின்னதை வித்துப்போடுவம்" என்றார் கலீலுர் றஹ்மான். சொன்னதோடு நிற்காமல் இறக்கக்கண்டி றிஸ்கானுக்குத் தொலைபேசியும் எடுத்துவிட்டார். றிஸ்கான் இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கார் பார்க்க வருகிறான்.

இறக்கக்கண்டிக்கு அந்தக் காரில் போகிறவள் உம்மு குல்சும்தான். செவ்வாய்க்கிழமை தவறாமல் போவாள். அங்கே பதினொரு பெண்களுக்குத் தையல் பழக்குகிறாள். "என்னைக் கொண்டுபோய் விடுங்க, திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்க" என்று யாரிடமும் கேட்டு நிற்காத ஒரே நாள் அந்தச் செவ்வாய்தான். கார் போனால் செவ்வாயும் போகும்.

அதனால்தான் அவள் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை விட்டாள்.

"உங்கட ஜீப் லீற்றருக்குப் பன்னிரண்டு ஓடட்டும். என்ட காரை நானே கழுவி றிஸ்கானுக்குக் குடுக்கிறன். ஓடாட்டி ஜீப்தான் போகோணும். சரியா?"

"பன்னிரண்டா? வித்தவன் பதினாலெண்டு சொன்னவன்!"

"வித்தவன் சொல்லுவான். வண்டி சொல்லட்டும்."

பஹ்மியா கொப்பித்தாள் ஒன்றில் விதிகளை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். டீசல் தாங்கியை நிரப்புவது. மூதூரில் வாப்பாவின் ராத்தா வீட்டுக்குப் போய் வருவது. திரும்ப நிரப்புவது. ஓடிய தூரத்தை இரண்டாம் தரம் அடித்த லீற்றரால் பிரிப்பது. நடுவர், சல்லி ஊர் வல்லிபுரம்.

அந்த நாள்தான் இன்றைக்கு, சனிக்கிழமை.

*

வல்லிபுரம் ஏழரைக்கே வந்துவிட்டார். கலீலுர் றஹ்மான் என்ஜின் பார்த்த அதே படகின் தலைவர் அவர். கக்கத்தில் தடித்த அட்டைப் பதிவுப் புத்தகம்.

"தங்கச்சி, ஒண்டை முதலே சொல்லிப்போடுறன்" என்றார் உம்மு குல்சுமிடம். "உங்கட மனுசன்ர கையால நான் முப்பது வருசம் சோறு திண்டனான். ஆனாப் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு அண்ணனுமில்லை, தம்பியுமில்லை."

"அதுக்காகத்தான் அண்ணன் உங்களைக் கூப்பிட்டனான்."

"எனக்கு இந்தக் கிலோமீற்றர்க் கணக்குப் பெரிசா ஓடாது, பாருங்கோ. படகில நாங்கள் மணிக்கு எத்தனை லீற்றர் எண்டுதான் பாக்கிறது. தண்ணியில எங்க கிலோமீற்றர் கட்டை நட்டிருக்கு?"

"பிரிக்கிற வேலையை நான் பாக்கிறன் மாமா" என்றாள் பஹ்மியா. "நீங்க எழுதினாப் போதும்."

துறைமுகத்துக்கு மேலேயிருக்கிற ஷெட்டில் இரண்டு டீசல் பம்ப். ஒன்று உள்ளே, கூரைக்குக் கீழே, சீமெந்துத் தரையில். மற்றது வெளியே, தரை வீதிப்பக்கமாகச் சரிகிற ஓரத்தில். உள்பம்ப் சும்மா கிடந்தது. கலீலுர் றஹ்மான் ஜீப்பை வெளிப்பம்புக்கு எடுத்தார்.

"உள்ளுக்கு ஒருத்தருமில்லையே?" என்றாள் உம்மு குல்சும்.

"வெளிய காத்து வரும்."

டீசலுக்கு என்னத்துக்குக் காற்று என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. காலங்காத்தாலே சண்டை பிடித்தால் மூதூர் வரைக்கும் இழுபடும்.

ஜீப் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. டீசல் வாய் இடப்பக்கம், வானத்தைப் பார்த்துக்கொண்டு. பம்ப் பிடித்த புஷ்பவதி என்ற பெண், குழாய் 'டக்' என்று நின்றதும் எடுக்கப் போனாள்.

"நில்லுங்க பிள்ள. இன்னும் பிடிக்கும்" என்றார் கலீலுர் றஹ்மான். இறங்கிப் போய் ஜீப்பின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். தாங்கிக்குள்ளே காற்றுக் குமிழ் ஒன்று கொப்பளித்து வந்தது. இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னார். திரும்ப ஆட்டினார்.

"என்ன ஐயா, இன்னும் வரிசைக் காலத்தில நிக்கிறீங்களா?" என்று புஷ்பவதி சிரித்தாள்.

நாட்டில் தட்டுப்பாடு வந்த அந்த வருடம் எரிபொருளுக்காக ஊரே வீதியில் படுத்துக் கிடந்தபோது எல்லாரும் இப்படித்தான் வண்டியை ஆட்டி ஆட்டி நிரப்பினார்கள். உம்மு குல்சும் அதை மறக்க மாட்டாள். அவள் கார் ஓட்டப் பழகியதே அந்த வரிசையில்தான். கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றதால் மனுசனுக்குப் படகை விட்டு வர ஏலவில்லை. நீலக் கார் வரிசையில் நின்றது. காருக்குள்ளே இவள். முன்னுக்கு நின்றவன் பத்தடி நகர்ந்தால் பின்னுக்கு நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். அடுத்த லொறிச் சாரதி யன்னலால் தலையை நீட்டி, "அம்மா, கிளச்சை மிதிங்கோ, முதலாம் கியர், மெல்ல விடுங்கோ" என்று சொல்லிக்கொடுத்தான். இரண்டு பகலும் ஒரு இரவுமாக முதலாம் கியரிலேயே எண்ணூறு யார் தூரம் ஓட்டினாள். பம்பைத் தொட்டபோது பெற்றோல் முடிந்திருந்தது. ஆனால் கார் ஓட்டத் தெரிந்திருந்தது.

வல்லிபுரம் கண்ணாடியை மூக்கில் ஏற்றி எழுதினார். "மணி எட்டுப் பத்து. தாங்கி நிறைவு. காத்து, தென்மேற்கு."

"காத்து என்னத்துக்கு மாமா?"

"எழுதிப் பழக்கம், மகள்."

*

ஜீப் நாற்பதில் ஊர்ந்தது.

ஏசி போடவில்லை. போட்டால் டீசல் குடிக்குமாம். யன்னலும் திறக்கவில்லை. திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்குமாம். உள்ளே நாலு பேரும் அவிந்தார்கள். வல்லிபுரத்தின் பதிவுப் புத்தகத்தில் வியர்வை சொட்டியது. ஓட்டோக்கள் முந்தின. பாண் விற்கிற ஓட்டோ பாட்டோடு முந்தியது. ஒரு மனுசி சைக்கிளில் முந்திக்கொண்டு, திரும்பி ஜீப்புக்குள்ளே இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனாள்.

"வாப்பா, மூதூருக்கு இண்டைக்கே போறமா?"

"சிரி, சிரி. திரையைப் பார். பதினாலு புள்ளி ஒண்டு!"

உம்மு குல்சும் கைப்பையை மடியில் இழுத்து வைத்தாள். மனசுக்குள்ளே றிஸ்கான் நீலக் காரின் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

கிண்ணியாப் பாலம் வந்தது. எத்தனையோ தரம் அவள் இந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறாள், எப்போதும் சின்னக் காரில். காரிலிருந்து பார்த்தால் பாலத்தின் கைப்பிடிச் சுவர்தான் தெரியும். இன்றைக்கு, கேட்காமலே, இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்தது. ஒரு பக்கம் குடா, மறுபக்கம் களப்பு, நடுவில் வலை இழுக்கிற தோணி. தோணிக்காரன் தலைப்பாகையின் நிறம் வரைக்கும் தெரிந்தது.

"என்ன பாக்கிறாய்?" என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார் கலீலுர் றஹ்மான்.

"ஒண்டுமில்ல. நீங்க றோட்டைப் பாருங்க."

நல்லாயிருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். ஒரு பாலத்துக்காகச் செவ்வாய்க்கிழமையைக் கொடுக்க ஏலுமா?

*

மூதூரில் றுக்கியா ராத்தா வாசலிலேயே நின்றாள். தம்பியை அணைத்துக்கொண்டாள், அணைப்பிலேயே அவர் தோளுக்கு மேலால் ஜீப்பின் பின்பக்க இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டாள்.

"ஏழு பேர் வரலாமோடா?" என்றாள் பகல் சாப்பாடு முடிந்ததும்.

"ஓம் ராத்தா."

"அப்ப நானும் வாறன். தம்பலகாமத்தில மகள் வீட்டில என்னை இறக்கிவிடு. அங்கால ஒரு சின்னச் சுத்துத்தானே?"

விதியில் தம்பலகாமம் இல்லை. கலீலுர் றஹ்மான் நடுவரைப் பார்த்தார். நடுவர் சாப்பிட்ட இறால் பொரியலின் நினைவில் இருந்தார்.

"ஓடினது எல்லாம் தூரந்தானே" என்றார் வல்லிபுரம். "கூட ஓடினால் கூட எழுதுறன்."

றுக்கியா ராத்தா ஒருவராய் மட்டும் வரவில்லை. நாற்பது தேங்காய் வந்தது. ஒரு சாக்கு நெல்லரிசி வந்தது. கடைசியாக, மூன்று ஆம்பிளைகள் முக்கி முக்கித் தூக்கிவர, ஒரு ஆட்டுக்கல் வந்தது.

"அஞ்சு வருசமா மகள் கேக்கிறாள். ஓட்டோக்காரன் ஒருத்தனும் ஏத்தமாட்டனெண்டுட்டான்."

"ராத்தா, இண்டைக்குப் பரீட்சை..." என்றார் கலீலுர் றஹ்மான் பலவீனமாக.

"பரீட்சைதானே? கல்லும் எழுதட்டும்."

ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்தது. உம்மு குல்சும் முகத்தைத் திருப்பி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மதினி மீது அவளுக்கு இவ்வளவு அன்பு இதற்கு முன்னர் வந்ததேயில்லை.

"ஏசியைப் போடு. நான் ஏறேக்க குளிரா இருக்கோணும்" என்றாள் ராத்தா.

என்ஜின் ஓடத் தொடங்கியது. ஏசி ஓடத் தொடங்கியது. ராத்தா மட்டும் ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பயணம் சொன்னாள். முன்வீட்டுக்காரிக்குச் சொன்னாள். பயணம் சொல்லி முடித்து கேற்றடிக்கு வந்தபிறகுதான் உண்மையான கதை தொடங்கியது. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய கலியாணம் குழம்பியது, ஜெஸ்மின் வீட்டுக் கிணறு ஏன் உப்பாய்ப் போனது. நடுவில் பூனைக்குச் சோறு வைக்க மறந்ததை நினைத்து உள்ளே போனாள். வந்து திரும்பவும் கிணற்றிலிருந்து தொடங்கினாள்.

வல்லிபுரம் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்.

"முப்பத்தஞ்சு நிமிசம். என்ஜின் ஓட்டம். தூரம், பூச்சியம்."

"அண்ணன், அதையெல்லாம் எழுதோணுமா?"

"கலீல், படகில எண்டால் இதுதான் சரியான கணக்கு. இப்ப நாங்கள் லீற்றருக்குப் பூச்சியம் ஓடுறம்."

திரையில் பதினாலு பன்னிரண்டாகி, பதினொன்றாகியிருந்தது.

தம்பலகாமத்துக்குத் திரும்புகிற வயல் றோட்டில் பட்டப்பகலில் ஒரு யானை நின்றது. அதற்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை. வரம்போரத்துப் புல்லைப் பிடுங்கி, முழங்காலில் தட்டி, மண் உதிர்த்து, மெதுவாய்ச் சாப்பிட்டது. முன்னால் ஒரு உழவு இயந்திரம் நின்றது, பின்னால் ஜீப்.

"என்ஜினை நிப்பாட்டுங்க வாப்பா, டீசல் மிஞ்சும்" என்றாள் பஹ்மியா, ஒன்றும் அறியாத குரலில்.

"விசரோ? யானை வந்தா ஓடவேண்டாமா!" என்று ராத்தா அலறினாள். "கூட்டு, ஏசியைக் கூட்டு! எனக்கு வேர்க்குது!"

இருபது நிமிடம். உம்மு குல்சும் யானையைப் பார்த்தாள். பயம் வரவில்லை. நீலக் காருக்குள்ளே இருந்திருந்தால் அதன் காலைத்தான் பார்த்திருப்பாள். இங்கேயிருந்து அதன் கண்ணைப் பார்க்க ஏலும். இதையும் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ராத்தாவும் தேங்காயும் அரிசியும் கல்லும் இறங்கின பிறகு, கலீலுர் றஹ்மான் தன் தொப்பியைக் கழற்றி அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் மாட்டினார்.

"தொப்பி ஏன் அங்க?"

"தலை வேர்க்குது."

*

நாலு மணிக்குக் கொஞ்சம் முந்தி ஷெட்டுக்கு வந்தார்கள். இப்போதும் இரண்டு பம்பும் சும்மா கிடந்தன. கலீலுர் றஹ்மான் நேரே உள்பம்புக்குப் போனார்.

குழாய் 'டக்' என்றது. இந்த முறை அவர் இறங்கி ஆட்டவில்லை. "போதும் பிள்ள, போதும்" என்றார்.

"ஒம்பது லீற்றர்" என்றாள் புஷ்பவதி.

பஹ்மியா தூரத்தைப் பார்த்தாள். "நூற்றியெட்டுக் கிலோமீற்றர்." பிரித்தாள். அவள் முகம் மாறியது. "பன்னிரண்டு உம்மா. சரியாப் பன்னிரண்டு."

கலீலுர் றஹ்மான் பல்லில்லாத இடம் முழுக்கத் தெரியச் சிரித்தார். "பாத்தீங்களா! கல்லேத்தி, யானை பாத்து, ஏசி போட்டு, பன்னிரண்டு!"

உம்மு குல்சும் கைப்பையைத் திறந்தாள். நீலக் காரின் சாவி உள்ளே கிடந்தது. அதில் இறக்கக்கண்டிப் பெண்கள் தைத்துக் கொடுத்த சின்னத் துணி மீன் ஒன்று தொங்கியது. சொன்ன சொல் சொன்னதுதான். றிஸ்கான் இந்நேரம் புறப்பட்டிருப்பான். மீனைக் கழற்றவா, அதோடேயே கொடுக்கவா?

"வாப்பா, தொப்பியை எடுங்க" என்றாள் பஹ்மியா.

"என்னத்துக்கு?"

அவளே கையை நீட்டி எடுத்தாள். திரையில் ஒன்பது புள்ளி நாலு.

"ஏழு நாளா இந்தத் திரை சொல்றதுதான் சத்தியமெண்டு நிண்டீங்க. இது ஒம்பதெண்டுது. பம்ப் பன்னிரண்டெண்டுது. எது சரி?"

"அது கம்பியூட்டர். அதை நம்ப ஏலாது."

"இண்டைக்குக் காலையிலதான் நம்பினீங்க!"

வல்லிபுரம் தாடையைச் சொறிந்தார். "வழமையா இந்தத் திரைகள் கூட்டித்தான் காட்டும், மகள். குறைச்சுக் காட்டினதை நான் கேள்விப்பட்டதில்லை."

உம்மு குல்சும் சாவியைக் கையில் வைத்தபடி சீமெந்துத் தரையைப் பார்த்தாள். மட்டமான தரை. பிறகு வெளிப்பம்பைப் பார்த்தாள். சரிந்த தரை. காலையில் ஜீப் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. மனுசன் ஆட்டினார். குமிழ் கொப்பளித்தது, தாங்கி கூடக் குடித்தது.

முப்பத்திரண்டு வருடமாய்ச் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலிருந்து இந்த மனுசன் சொன்ன கதைகளில் ஒன்று, அவள் கேட்காதது போலக் கேட்டது, அப்படியே எழும்பி வந்தது.

"இஞ்சப் பாருங்க. ஒருநாள் படகு ஜெட்டியில சாஞ்சு நிக்கேக்க ஆரோ எண்ணெய் அளந்து, தாங்கி நிறையவெண்டு எழுதி, நடு ஹாபரில என்ஜின் நிண்டதெண்டு சொல்லுவீங்களே. சாஞ்சு நிக்கிற தாங்கி பொய் சொல்லுமெண்டு. நூறு தரம் சொல்லியிருக்கிறீங்க."

கலீலுர் றஹ்மானின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அது படகு..."

"காலையில எங்க அடிச்சமோ அங்கயே அடிப்பம்."

"அங்க வெயில்."

"காலையில காத்து. இப்ப வெயிலா?"

வல்லிபுரம் பதிவுப் புத்தகத்தைப் படாரென்று மூடினார். முப்பது வருடம் படகில் கேட்ட அதே குரலில் சொன்னார்.

"கலீல். எடு வண்டியை."

படகுத் தலைவர் சொன்னால் என்ஜின்காரர் எடுக்கத்தான் வேண்டும். ஜீப் வெளிப்பம்புக்குப் போய்ச் சாய்ந்து நின்றது. குழாய் வாய்க்குள்ளே போனது. 'டக்' என்கவில்லை. இறங்கிக்கொண்டேயிருந்தது. கலீலுர் றஹ்மான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டுங்கோ ஐயா" என்றாள் புஷ்பவதி. "காலையில ஆட்டினீங்களே, நான் பாத்தனான்."

அவர் ஆட்டவில்லை. வல்லிபுரம் போய் ஆட்டினார்.

"இன்னும் நாலரை லீற்றர்."

"மொத்தம் பதின்மூண்டரை" என்றாள் பஹ்மியா. "லீற்றருக்கு எட்டு."

கீழே துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்று ஊதியது. கலீலுர் றஹ்மான் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் படகுத் தொழில் பாவிச்சுப்போட்டன்" என்றார்.

உம்மு குல்சும் சாவியைப் பைக்குள்ளே போட்டு, பையை இறுக்கி மூடினாள்.

*

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நீலக் காரின் கூரையில் கிடந்த மயிர்க்கொட்டிகளை ஈர்க்கில் விளக்குமாறால் தட்டிவிட்டு, ஒரே மூச்சில் அதைக் கராஜுக்குள்ளே கொண்டுபோய் விட்டாள். ஜீப் முற்றத்தில் நின்றது.

"விளம்பரம் போடோணும்" என்றாள் பஹ்மியா. "ஜீப்பின்ட புத்தகம் எங்க வாப்பா? எத்தினையாம் ஆண்டு வண்டியெண்டு பாக்கோணும்."

"நாளைக்குப் பாப்பம்."

"சொன்ன சொல் சொன்னதுதானே?"

அவளே அலுமாரியைத் திறந்து உறையை எடுத்துப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றாள்.

"உம்மா. இஞ்ச வாங்க."

சொந்தக்காரர் பெயர் என்ற இடத்தில் உம்மு குல்சும் என்று இருந்தது.

வல்லிபுரம் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன இது?" என்றாள் உம்மு குல்சும்.

கலீலுர் றஹ்மான் கதிரையின் கைப்பிடியைப் பார்த்துப் பேசினார்.

"எண்பது லீற்றர்த் தாங்கி."

"அதுக்கு?"

"ஒருக்கா நிரப்பினாப் போதும். கனநாளைக்கு நிக்கத் தேவையில்லை. வரிசையில." தொண்டையைச் செருமினார். "நீ ரெண்டு நாள் அந்தத் தகரப் பெட்டிக்குள்ள வெயில்ல இருந்தாய். நான் படகில காத்தாடிக்குக் கீழ இருந்தன். அது எனக்கு... ஏசியும் இருக்கு இதில. கியர் மாத்தவும் தேவையில்லை."

"அப்ப இது... நான் ஓட்டுறதுக்கா?"

"பின்ன? எனக்கு எங்க போற வேலை இருக்கு?"

"சொல்லக்கூடாதா? ஏழு நாளாப் பதின்மூண்டு புள்ளி எட்டு, பதின்மூண்டு புள்ளி எட்டெண்டு கத்தினீங்களே, அதுக்கிடையில இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கக்கூடாதா?"

"நல்லா ஓடுமெண்டு தெரிஞ்சாத்தானே நீ எடுப்பாய். அதுதான் முதல்ல அதைச் சொன்னனான்."

"கூடக் குடிக்கிற வண்டிக்குப் பெரிய தாங்கி இருந்தென்ன, சின்னத் தாங்கி இருந்தென்ன வாப்பா?" என்றாள் கணக்கு ரீச்சர். அவள் குரலில் இப்போது கணக்கு அவ்வளவாக இல்லை.

"அது இண்டைக்குத்தான் விளங்கினது, மகள்." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "சரி. தோத்தது தோத்ததுதான். விக்கிறதெண்டா நீதான் கையெழுத்து வைக்கோணும். வை."

பஹ்மியா பேனையை நீட்டினாள். உம்மு குல்சும் பேனையைப் பார்த்தாள். முற்றத்தைப் பார்த்தாள். பாலமும் தோணிக்காரனின் தலைப்பாகையும் யானையின் கண்ணும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து நின்றன. கூடவே ஒரு லீற்றரும் எட்டுக் கிலோமீற்றரும் வந்து நின்றன.

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். றிஸ்கான் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"மாமி, எந்த வண்டி விக்கிறது?"

நாலு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

உம்மு குல்சும் பேனையை வாங்கவில்லை. கதிரையிலிருந்த குஷன் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள். ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தாள். படியிறங்கிப் போய்ச் சாரதி ஆசனத்தில் குஷனைப் போட்டு ஏறி இருந்தாள். கதவைச் சாத்தினாள். நாலு வீடு தள்ளிக் கோழி எழும்பியது.

"றிஸ்கான், மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி எடுங்க தம்பி. பஹ்மியா, கேற்றைத் திற."

என்ஜின் உறுமியது. ஜீப் பத்தடி நகர்ந்து, ஒரு குலுக்கலோடு நின்றது. வரிசையில் நகர்ந்த அதே பத்தடி. பிறகு இன்னொரு பத்தடி. பிறகு கேற்றைத் தாண்டியது.

கலீலுர் றஹ்மான் செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு படியால் ஓடி வந்தார்.

"குல்சும்! எங்க போறாய்? டீசல் எரியுது! லீற்றருக்கு எட்டுத்தான் ஓடும், குல்சும், எட்டே எட்டுத்தான்!"